இல்லாத நாற்பது பேர்

இவாஞ்சலின் தேனியில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தாள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்யும் நூற்றறுபது பெண்களிடம், மருந்தடித்த கொடியில் கையுறை போட்டு வேலை பார்க்கிறார்களா, கையில் அரிப்பு உண்டா என்று கேட்டு வருவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். நூற்றிருபது பேரை நேரில் பார்த்தாள். வெயிலுக்கு அலுத்துப்போய், மீதி நாற்பது படிவங்களை அப்பாவின் கடை மாடியில் உட்கார்ந்து கை போன போக்கில் டிக் அடித்தாள்.

இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் குறுக்கு அட்டவணை போட்டதில், கையுறை இல்லாதவர்களில் நூற்றுக்கு நாற்பத்தெட்டுப் பேருக்கு அரிப்பு. போட்டவர்களில் முப்பத்தேழு பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கும் சோதனையில் பி மதிப்பு 0.16. அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் செல்லும். தொடர்பு உண்டென்று சொல்லச் சான்று போதவில்லை என்று பேராசிரியை சுகிர்தம் எழுதினார்.

முடிவைச் சொல்ல இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். நிரூபணமானால் எல்லாருக்கும் கையுறை வாங்கித் தருவதாகத் தோட்ட முதலாளி ஈஸ்வரபாண்டி ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்ப கிளவுஸுக்கும் அரிப்புக்கும் சம்பந்தமில்லேன்னு ஆச்சு," என்றார் அவர். சான்று போதவில்லை என்றால் சம்பந்தமே இல்லை என்று அர்த்தமல்ல என்று சுகிர்தம் விளக்கியதை அவர் காதில் வாங்கவில்லை.

வேலைக்கு வந்திருந்த பஞ்சம்மாள் இவாஞ்சலினைத் தனியே கூப்பிட்டாள். கணக்கெடுக்க வந்த அன்றைக்கு, வெடித்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டியவள் அவள்.

"ஆத்தா, நாங்க சொன்னத சரியாத்தான எழுதுன?"

"ஆமாக்கா," என்றாள் இவாஞ்சலின். முகம் எரிந்தது.

மறுநாள் காலையில் கல்லூரிக் கணினியில் அந்த நாற்பதையும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். முடிவு மாறாமல் இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம் என்று உள்ளூர ஆசை. ஆனால் கையுறை இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐம்பது, போட்டவர்களில் இருபத்தெட்டு என்று வந்தது. பி மதிப்பு 0.02.

சுகிர்தத்திடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"மிச்ச நூத்தியிருபதும் நெசம்னு நான் எத வச்சு நம்புறது?" என்று மட்டும் கேட்டார். அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக ஈஸ்வரபாண்டிக்குப் போன் செய்துவிட்டு, ஜெபஷீலா என்ற மாணவியிடம் கணக்கெடுப்பை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அந்தப் பெண்களிடம் நீயே போய்ச் சொல் என்றார் இவாஞ்சலினிடம்.

பஞ்சம்மாள் கேட்டு முடிக்கும்வரை கொடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த நாப்பது பேரு யாரு?"

"யாருமில்லக்கா. நானா எழுதுனது."

"எனக்குப் பத்து வருசமா அரிக்குது," என்றாள் பஞ்சம்மாள். அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

புதுக் கணக்கெடுப்பு முடிய மூன்று மாதம் ஆனது. பி மதிப்பு 0.05-க்கு வெகு கீழே இருந்தது. ஈஸ்வரபாண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கையுறை கொடுக்கும் நாளில் வகுப்பே ஓடைப்பட்டிக்குக் கிளம்பியது. சுகிர்தம் இவாஞ்சலினையும் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள்.