சிவப்பு என்றால் பிளஸ்

வானமாமலைக்குப் பெயரில்தான் பெருமாள். தாராவியில் தகரப் பெட்டிப் பட்டறை வைத்திருந்த அந்த மனிதர் எந்தக் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றியதில்லை. ஆயுதபூஜையன்று அக்கம்பக்கத்துப் பட்டறைகள் சந்தனமும் பொரியுமாக இருக்கையில், "இரும்புக்கு எதுக்குவே பொட்டு?" என்று கேட்டு ஊர் வாயில் விழுவார்.

அப்படிப்பட்டவர் ஆடி மாதத்தில் ஒரு பழைய ஹில்மன் கார் வாங்கினார். வாங்கியது தப்பில்லை. மனைவி கோமதியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியதுதான் தப்பு. வடாலாவில் இன்னும் ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டுக்குப் போகலாம் என்று அந்த அம்மாள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்க, வீட்டுக்குப் பதில் கார் வந்து நின்றால் வயிறு எரியாதா?

"தகரத்துல பெட்டி செஞ்சது போதாதுன்னு தகரத்துலயே வண்டியா? நான் ஏற மாட்டேன்" என்றாள். அதோடு புருஷனிடம் நேராகப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்தோ அடுத்த ஆளைப் பார்த்தோ சொன்னாள்.

வானமாமலை தனியாகவே ஓட்டிக்கொண்டு திரிந்தார். வெளியில் வீறாப்பு. உள்ளுக்குள் ஒரே ஆசை, அவள் ஒருநாள் பின் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். கார்த்திகை பிறந்தும் அது நடக்கவில்லை.

கோமதியம்மாளுக்கு இலங்கை வானொலியில் வரும் தமிழ்ப் பாட்டு என்றால் உயிர். முனைக்கடை ரேடியோவில் பாட்டு வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு நிற்பாள். காரோடு வந்த வால்வு ரேடியோவோ சூடேறி வாய் திறப்பதற்குள் தாதர் வந்துவிடும். திறந்தாலும் பம்பாயைத் தாண்டி எதுவும் எடுக்காது. அதுவும் முன்சீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். ஆகவே வானமாமலை ஒரு கப்பல்காரரிடம் சொல்லி, சிற்றலை எடுக்கிற ஜப்பான் டிரான்சிஸ்டர் செட் ஒன்றையும், பின்பக்கத்துக்கென்று ஒரு பெரிய ஸ்பீக்கரையும் வரவழைத்தார்.

பொருத்துவதற்கு மாதுங்காவிலிருந்து ஜெயினுலாப்தீன் வந்தார். கடையநல்லூர்க்காரர், கார் எலெக்ட்ரிக் வேலையில் கைராசிக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே வேலை. பழைய ரேடியோவைக் கழற்றினார், பின் சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையில் வட்டமாக வெட்டி ஸ்பீக்கரை உட்கார்த்தினார், ஒயர் இழுத்தார். கோமதியம்மாள் வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள்.

"இந்த இங்கிலீஷ் வண்டியில ஒரு உல்டா இருக்கு அண்ணாச்சி" என்றார் ஜெயினுலாப்தீன். "இப்ப வர்ற வண்டியில மைனஸைப் பாடியில கட்டுவான். இதுல பிளஸைக் கட்டியிருப்பான். அதுக்குத் தக்கன செட்டுல ஒரு குமிழைத் திருப்பி வைக்கணும். தப்புனா செட்டு அம்புட்டுதான்."

பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். மேலெல்லாம் கிரீஸும் அழுக்கும். பாடிக்குப் போகாத முனையில் மட்டும் பளிச்சென்று சிவப்பு.

"சிவப்புன்னா பிளஸ். எவனோ ஏற்கெனவே பேட்டரியைத் திருப்பி மாட்டிட்டான். நமக்குச் சோலி மிச்சம்."

சோதித்துப் பார்க்கும் மீட்டர் மாதுங்கா கடையில் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும். குமிழைத் திருப்பாமலே செட்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

பின்னால் ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை 'டொப்' என்றது. முன்னால் செட்டிலிருந்து புகை வந்தது.

ஜெயினுலாப்தீன் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரிக்கு ஓடினார். சிவப்புக்குப் பக்கத்தில் இருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார். உள்ளே மைனஸ் குறி. சிவப்பை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"பெயிண்டு இல்ல அண்ணாச்சி. குங்குமம்."

"என் வண்டியில குங்குமமா?" வானமாமலைக்கு மூக்கு விடைத்தது. "எவன் வச்சான்?"

முறத்தின் சத்தம் நின்றது.

"நாந்தான் வச்சேன்னு சொல்லுங்க பாய்" என்றாள் கோமதியம்மாள். "ஆயுதபூசைக்கு. வெளிய வச்சா அவுக தொடச்சிருவாக. தண்ணி ஊத்தையில மூடியை எப்படித் தெறக்காகன்னு பாத்து வச்சிருந்தேன். உள்ள சின்ன லிங்கம் மாதிரி ஒண்ணு நின்னுச்சு, அதுக்கு வச்சேன். லாரி போற ரோட்டுல ஒத்தையில போறாக. எனக்குப் பயமா இருக்காதா?"

ஏறமாட்டேன் என்றவள்தான் யாருக்கும் தெரியாமல் பானெட்டைத் திறந்திருக்கிறாள். செட்டு கருகியது அந்த நிமிஷம் வானமாமலைக்குப் பெரிதாகவே படவில்லை.

ஜெயினுலாப்தீன் துணியை நீட்டினார். "தொடச்சிருங்க அண்ணாச்சி. இன்னொருத்தன் வந்து ஏமாந்துரப்படாது."

வானமாமலை துணியை வாங்கினார். மைனஸ் குறியைச் சுற்றியிருந்த அழுக்கை மட்டும் அழுத்தித் துடைத்தார்.

"குறி தெரியுதுல்லா? பொட்டு இருக்கட்டும்" என்று சொல்லி பானெட்டை மூடினார்.

கோமதியம்மாள் முறத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"வண்டி ஓடுமா பாய்?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மைனி. ரேடியோதான் மௌத்தாப் போச்சு."

அவள் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

கார் வடாலா பக்கம் போயிற்று. அவள் தலைக்குப் பின்னால் புது ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. எதிரே ஒரு லாரி வந்தது.

"பைய ஓட்டுங்க" என்றாள் கோமதியம்மாள். சொல்லச் சொல்வதற்குக் காரில் வேறு ஆள் இல்லை.