ரத்தம் பார்த்த அண்ணன்

பள்ளிக்கூடத்தில் அவனை எருமை என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தாம் வகுப்பு, கால்பந்து அணியின் கோல்கீப்பர். கை முந்தும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆனால் தாயில்லாத தங்கைக்குத் தினமும் தலை பின்னிவிடுவது அவன்தான். அவள் மேல் ஒரு துரும்பு படக் கூடாது அவனுக்கு.

அன்று மதியம் எட்டாம் வகுப்பு வாசலில் தங்கை சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பையனின் ஸ்வெட்டர். அதற்குக் கீழே, கெண்டைக்காலில் ரத்தம்.

"யாரோட ஸ்வெட்டர் இது?"

"எங்க கிளாஸ் ஒல்லியோடது. நீ போண்ணா, ப்ளீஸ்."

அதற்கு மேல் அண்ணனிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். அந்த மடையன் ரத்தத்தையும் அழுகையையும் ஸ்வெட்டரையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டான். தப்புக் கணக்கு.

ஒல்லி குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எருமை அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சிமெண்டுத் தொட்டியில் மோதினான். மூக்கு நொறுங்கியது. மறுபடி மோதினான்.

"என் தங்கச்சிய என்னடா பண்ண?"

கீழே விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தான். கூடிய பயல்களில் ஒருத்தனாவது தடுத்தானா? "விடாத, கொல்லு அவன!" என்று ஏற்றிவிட்டார்கள். விளையாட்டு வாத்தியார் ஓடிவந்து இழுத்தும் பலிக்கவில்லை. எருமையின் பத்து விரலும் ஒல்லியின் கழுத்தில் இருந்தன. ஒல்லிக்குக் கண் செருகிவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தங்கை வந்தாள்.

"விடுண்ணா! செத்துருவான்! அவன் ஒண்ணும் பண்ணல! எனக்கு மாதவிடாய் வந்திருக்கு! மறைச்சுக்கோன்னு அவன்தான் ஸ்வெட்டரக் கழட்டிக் குடுத்தான்!"

பள்ளிக்கூடமே கேட்டது. எருமையின் பிடி தளர்ந்தது.

"அப்படின்னா?"

நிஜமாகவே கேட்டான். அந்தப் பாடம் வரும்போதெல்லாம் பெண்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பையன்களைப் பந்தோடு மைதானத்துக்கு ஓட்டிப் போவது இதே வாத்தியார்தான். அவர் இப்போது தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சற்று முன் கொல்லச் சொன்னவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஒல்லி இருமினான். ரத்தத்தோடு ஒரு பல் வெளியே வந்தது.

"காயம் இல்லண்ணா..." மூச்சு வாங்கியது. "பொண்ணுங்களுக்கு மாசா மாசம் வரும். எங்கம்மா சொன்னாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

எருமை குனிந்தான். ஒல்லியைத் தூக்கப் போனான். ஒல்லி முகத்தை மூடிக்கொண்டு சுருண்டான். எருமை தங்கையின் பக்கம் கையை நீட்டினான்.

அவளும் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.