தலை குனியும் வரை

யும்னாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாள். அதில் ஏழு வசனங்கள். அவற்றில் நான்கு, "உங்கள் சித்தம் அப்பா."

இத்தாலியில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நகைச்சுவை நாடகம் அது. தமிழில் பெயர்த்து இயக்குபவர் மருதப்பன். முழுப் பிரதியை அவர் யாருக்கும் தருவதில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி அவரவர் வசனம், அதைப் பேசவேண்டிய தருணத்துக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

ஜாலான் புசார் சாலையில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே ஒத்திகை. கடைசிக் காட்சியில் அப்பா மகளை ஒரு வியாபாரிக்குக் கொடுக்கிறார்.

"சம்மதமான்னு கேக்குறாரு. எனக்குப் பதிலே இல்லையே சார்?"

"அடக்கமான பொண்ணும்மா. தலை குனிஞ்சா போதும். எழுதுனவன் குடுக்காத வசனத்த நான் எப்படிக் குடுக்கிறது?"

"அப்ப ஒரு பொம்மைய நிக்க வைங்க. நான் வரல."

"வெள்ளிக்கிழமை ஷோ லா!" என்று பதறினான் வியாபாரியாக நடிக்கும் அர்ஃபான்.

வீடு திரும்பும்போது, தெம்பனிஸ் போகும் ரயிலில் அர்ஃபான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் தாளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். யும்னா எட்டிப் பார்த்தாள். அவனுடைய கடைசி வசனத்துக்கு மேலே, 'அவள் தலை குனிந்ததும்' என்றிருந்தது.

"நான் குனியலன்னா நீ பேச மாட்டியா?"

"எப்படிப் பேசுறது? அதுதானே குறிப்பு."

இறங்கும்போது, "வெள்ளிக்கிழமை வரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. அப்பாவாக நடித்த பாலகிருஷ்ணன் கணீரென்று, "சம்மதமா மகளே?" என்றார்.

யும்னா குனியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு அர்ஃபானை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு இவனைப் பிடித்திருக்கிறதா? அவளுக்கே தெரியவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது.

"குனி லா," என்று பல்லைக் கடித்தான் அர்ஃபான்.

பாலகிருஷ்ணனுக்கு வியர்த்தது. இரண்டு எட்டு கிட்டே வந்து, தாளில் இல்லாத குரலில் கேட்டார்: "என்னம்மா? உனக்குப் பிடிக்கலையா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

யும்னா இன்னும் கொஞ்சம் யோசித்தாள். பிறகுதான் தலை குனிந்தாள். கைதட்டலில் அர்ஃபானின் வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

திரைக்குப் பின்னால் மருதப்பன் பிடித்துக்கொண்டார். "வசனம் கூட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் வாயே திறக்கல சார். பாலா அண்ணன்தான்."

பாலகிருஷ்ணன் ஒட்டுத்தாடியை மெல்லப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் கேப்பீங்களாண்ணே?"

"நீ குனியலன்னா, கேட்டுத்தானேம்மா ஆகணும்?"