மூன்று கல்

காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே அவன் தீர்மானித்துவிட்டான். யார் காலில் விழுந்தாவது, யாரோடு மல்லுக்கு நின்றாவது, இன்று முதலாளியம்மாவைக் கிரகத்தில் இறங்கி நடக்கவைத்தே தீருவது. விண்வெளி வீடியோ கேம் செய்கிற சின்ன அலுவலகத்தில் கிரகங்கள் இவன் பொறுப்பு. அதனால் பேரே 'கிரகம்' என்றாகிவிட்டது. "கிரகம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் "வந்தாச்சு" என்று பதில் சொல்லும் அளவுக்கு மானம் பழகிப் போயிருந்தது.

முதலாளியம்மாவின் கணக்கு வேறு. "யாருங்க மெனக்கெட்டு இறங்கி நடப்பாங்க? கப்பல்லேர்ந்தே ஒரு பட்டன், உலோகத்த உறிஞ்சு, அடுத்த கிரகத்துக்குப் போ. ஆயிரம் கிரகம் குடுத்துடலாம்." இவனோ இரண்டு வருடமாக ஒரே ஒரு கிரகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். அதில் வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது, வரைபடம் கிடையாது. காற்று, புழுதி, மேடு, பள்ளம், கையில் எடுக்கக்கூடிய கற்கள். கல்லைக் கப்பலுக்குக் கொண்டுவந்தால் அதிலிருந்து உலோகம் எடுக்கலாம். இன்று அவரே ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. கொட்டாவி விட்டால் இறங்குகிற சமாச்சாரமே கேமிலிருந்து போய்விடும்.

நேற்று மாலை மனைவியை ஆடவைத்துப் பார்த்திருந்தான். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்கை அளந்துவிட்டு வந்தவள் அவள். இவன் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை விளையாடிவிட்டு எழுந்து வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"கல்லும் மண்ணுந்தான். செஞ்சவர் மண்டைக்குள்ள இருக்கறதுதானே வெளிய வரும்."

இதைக் கேட்டும் ஒருவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான் என்றால் அவன் சாதாரணப்பட்டவன் அல்ல.

அலுவலகத்தில் முதலாளியம்மா திரையில் கப்பலை இறக்கினார். கதவு திறந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டடி நடந்து நின்றார்.

"இது என்ன?"

கப்பலுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கற்கள்.  அவன் வைத்தவை அல்ல. பள்ளத்தைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் இன்னொரு மூன்று. அதற்கப்பால் புழுதியில் மங்கலாக இன்னொன்று.

அப்போதுதான் உறைத்தது. காலையில் யாரும் ஆடாத பிரதிக்குப் பதிலாக, மனைவி ஆடிச் சேமித்த பிரதியையே அவசரத்தில் எடுத்து வந்துவிட்டான். அவளுக்குத் தெரியாத தெருவென்றால் பயம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெயர்ப்பலகையை மனப்பாடம் செய்துகொண்டே போவாள். பலகை இல்லாத ஊரில் கல்லை அடுக்கியிருக்கிறாள்! உலோகம் எடுக்க வைத்த கல்லை, வீடு திரும்ப.

"மேடம், மன்னிச்சுக்குங்க, அது வந்து என் வீட்டுல..."

"ஷ்! சொல்லாதீங்க." முதலாளியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு முன்னாடியே யாரோ வந்திருக்காங்க."

தேநீர் வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. அடுக்குகள் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே போயின. அவன் மெதுவாக வராந்தாவுக்கு நழுவிப் போன் போட்டான்.

"நேத்து அந்த மேட்டுக்கு எதுக்குப் போன?"

"கடையில ஆள் நிக்கிறாங்க."

"ஒரே வார்த்தை. அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"செஞ்சது நீங்க, கேக்கறது என்னையா?"

"நான் மேடுதானே செஞ்சேன்! அங்க போய் நின்னு பாக்கலையே."

மறுமுனையில் யாரோ மூக்குக்கண்ணாடி இறுக்குகிறது என்றார்கள். "அப்போ போய் நின்னு பாருங்க," என்று வைத்துவிட்டாள். குரலில் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. கல்லும் மண்ணும் என்று சொன்ன அதே வாய்.

அவன் திரும்பி வந்தபோது முதலாளியம்மா மேட்டின் விளிம்புக்குக் கீழே நின்றிருந்தார். அங்கே கடைசி அடுக்கு. அதில் இரண்டே கற்கள். மூன்றாவதைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் மேலே ஓடியிருக்கிறாள் போல. திரையில் சாய்ந்த வெளிச்சம் அந்த இரண்டு கல்லின் நிழலையும் நீளமாக இழுத்துப் போட்டிருந்தது. முதலாளியம்மா விளிம்பைப் பார்த்தார். பிறகு குனிந்து, புழுதியைத் துழாவி, தட்டையாக ஒரு கல்லைத் தேர்ந்து, அந்த இரண்டின்மேல் வைத்தார். கல் ஆடியது. நின்றது.