ஏழாவது ஓட்டை

பிறிஜெற்றின் வாசலில் நிற்கும் ஈரப்பலா மரத்துக்கு நேர் கீழே கொழும்பு கொட்டாஞ்சேனையின் பழைய கழிவுக் குழாய் ஓடுகிறது. மழைக்கு அதன் வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே புகும். குழாய் நிரம்பி, கழிவு கால்வாயில் வழிந்து கடலுக்குப் போகும். குழாயை மாற்றத் தெருவைத் தோண்டினால் மரம் போய்விடும் என்று அவள் மாநகர சபைக்கு மூன்று தடவை மனுக் கொடுத்திருந்தாள்.

தோண்டவில்லை. இரண்டு மேன்ஹோல் மூடிகளை மட்டும் திறந்து, பிசினில் ஊறிய நீண்ட துணிக்குழாயை உள்ளே விட்டார்கள். காற்றால் ஊதிப் பழைய குழாயின் சுவரோடு ஒட்டவைத்து, நீராவியால் சூடாக்கினார்கள். மதியத்துக்குள் துணி இறுகி, பழையதற்குள் மூட்டே இல்லாத புதுக் குழாயாகிவிட்டது.

"றோட்டையும் வெட்டல்ல, மரத்தையும் வெட்டல்ல. அப்ப உங்களுக்குச் சம்பளம் எதுக்கு மிஸ்?" என்றான் பக்கத்து வீட்டு ரொனி.

பொறியியலாளர் துஷ்யந்தி சிரித்தாள். "இனித்தான் வெட்டு. துணி எல்லா வீட்டு இணைப்பையும் மூடிட்டுது. மெஷினை உள்ள விட்டு ஒவ்வொண்டாத் திறக்கோணும். பட்டியலில ஆறு, கமெராவில ஏழு. ஏழாவது ஆருடையது, அன்ரி?"

அது பிறிஜெற்றுடையது. பின்னறைக் கழிவறையை, அனுமதி இல்லாமல், தெருவே ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு மேசன் இணைத்திருந்தான். தெரிந்தால் அறையை உடைக்கச் சொல்வார்களோ? அங்கே ஷாமிலா கைக்குழந்தையோடு வாடகைக்கு இருக்கிறாள்.

"பழசா இருக்கும் மிஸ். பாவிக்கிறது இல்ல."

"அப்ப மூடியே விடுவம்." துஷ்யந்தி காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். "மரத்தின்ர வேர் முழுக்க இதாலதான் உள்ள வந்திருக்கு. குழாயை உடைச்சுச் செருகி, சும்மா சீமெந்து பூசியிருக்கினம். கழிவு மண்ணில கசிய, வேர் தேடி வந்திட்டுது."

பிறிஜெற் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

பின்னாலிருந்து ஷாமிலா கூப்பிட்டாள்: "அன்ரி, பிள்ளையக் கழுவணும். தண்ணி திறக்கவா?"

"திறக்காத, பொறு!" என்று கத்திய பிறிஜெற் குரலைத் தாழ்த்தினாள். "ஏழையும் வெட்டுங்க மிஸ். அது என்ட வீட்டுது."

"தெரியும். காலமை அதுக்குள்ளால சவர்க்கார நுரை வந்தது. ஆனா வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கோணும். அந்த மூட்டையும் கசியாமல் அடைச்சுத் தருவம். அறைக்கு அனுமதி வேற பிரிவு, அன்ரி. அதை நீங்கள்தான் போய்க் கேக்கோணும்."

பிறிஜெற் கையெழுத்திட்டாள்.

"அந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகல்ல அக்கா," என்றான் ரொனி, பிறிஜெற்றின் காதருகே மெதுவாக.

நிலத்துக்கடியில் வெட்டும் இயந்திரம் உறுமி ஓய்ந்தது. துஷ்யந்தி தலையாட்டியதும் பிறிஜெற் பின்பக்கம் திரும்பினாள்.

"இப்ப திற, பிள்ள!"