எறும்பு தெரிகிற தரை

செஞ்சியில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த சீதளநாதன் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுவார். தன் வீட்டுத் தரைக்குக் கல் எடுக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. மனைவி ரத்னம் போன பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் மருமகள் லீலாவதி இரண்டு வயதுப் பேத்தியோடு மெட்ராஸிலிருந்து வந்து ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் பொரிந்து கிடந்த பழைய தரையைப் பெயர்த்துப் போட்டார்.

கொத்தனார் கலியபெருமாளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக் கடைக்குப் போனார். கடப்பைக் கல்லைக் காட்டினார்கள். கறுப்பு வேண்டாம் என்றார். பூப்போட்ட சிமெண்டுக் கல்லைக் காட்டினார்கள். பூவுக்குள்ளே எது ஊர்ந்தாலும் தெரியாது என்றார். அறுகோணக் கல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இடுக்கு அதிகம்.

"உங்களுக்கு இன்னாதான் வேணும் ஐயா?" என்றார் கடைக்காரர்.

"எறும்பு போனா கண்ணுக்குத் தெரியணும்."

கடைக்காரர் கொத்தனாரைப் பார்த்தார். "இவரு நைனாரு, ஜைனருங்க. ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு" என்றார் கலியபெருமாள். கடைசியில் வெள்ளை மொசைக், இருப்பதிலேயே பெரிய சதுரமாக எடுத்தார்கள்.

வேலை முடிந்ததும் வெறுங்காலோடு அறை அறையாக நடந்து பார்த்தார். காட்டுவதற்கு ஆளில்லை. கலியபெருமாளிடமே திரும்பத் திரும்ப, "நல்லா இருக்குதில்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் வந்தார்கள். தாத்தா வாங்கி வைத்திருந்த பொரியுருண்டையைப் பேத்தி பாதி தின்றாள், பாதியை வீடு முழுக்க இறைத்தாள். சாயங்காலத்துக்குள் எறும்பு வந்துவிட்டது. வெள்ளைத் தரையில் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. சீதளநாதன் மெல்லிய துணியால் வாசலுக்கு ஒதுக்கிவிட்டார். கோடை எறும்பு, திரும்பி வந்தது. லீலாவதியும் ஜைனப் பெண்தானே. ஓடத் துடித்த குழந்தையைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். குழந்தை நாளெல்லாம் அழுதது.

"பழைய தரையில எறும்பே இல்லியாம்மா?"

"இருந்திருக்கும் மாமா. கண்ணுக்குத் தெரியல. தெரிஞ்சப்புறம் எப்டி கொழந்தைய எறக்கி உடறது?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் லீலாவதி பெட்டியைக் கட்டினாள். "மழை வரட்டும் மாமா, அப்பறமா வரோம்." அவள் சொன்னதில் தப்பில்லை. அவளிடத்தில் இருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். அதனால், "இரும்மா" என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

பஸ் போனதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வயசில் பஸ் ஸ்டாண்டிலா அழுவது என்று அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேச ஆளில்லாமல் வீடு கிடந்தது. நடுக்கூடத்தில், குழந்தை கடைசியாகச் சிந்திய பொரியைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

துணியை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். பொரி தீருகிற வரைக்கும் அதுகளாவது இருக்கட்டும் என்று, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.