வாழைக்காய் முள்

பேய்க்கதையைப் படமாக எடுக்கிறவர்கள் பேயைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவன் நான். கல்கத்தா டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் படத்துக்கு வேண்டிய சாமான்களைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை.

கதை, வங்காளத்தில் எல்லாப் பிள்ளைகளும் சோறு தின்னும்போது கேட்கிற வகைதான். மீன் பொரிக்கிற வீட்டுச் சன்னலில் ஒரு பெண் பேய் கையை நீட்டி, மூக்கால் பேசி மீன் கேட்கும். அந்தப் பேயாக நடிக்க வந்தவள் பிரமோதினி. மூக்கால் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பேய்க்கு வெள்ளைச் சேலை வேண்டும். அவள் வீட்டிலிருந்து உடுத்தி வந்ததே போதும் என்று உடைக்காரன் சிரித்தான். அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு. அவள் புருஷன் செத்துப் பதினோரு வருஷம். எங்கள் பக்கத்தில் விதவை மீனைத் தொடக் கூடாது.

அவள் இருப்பதோ புருஷனின் அண்ணன் ஹரிபதோவின் வீட்டில்.

"மீன் வாயில பட்டுச்சுன்னா மூட்டையக் கட்டிக்கோன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாரு, அண்ணே. ஆனா இந்த வேஷத்த விட்டா என்னை யாரு கூப்பிடப் போறா?" என்றாள் என்னிடம்.

அவள் தின்ன வாழைக்காயைத் துண்டு போட்டு, மீன் தோல் மாதிரித் தெரிய ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டு, மஞ்சள் தடவிக் கடுகெண்ணெயில் பொரித்தேன். பக்கத்து அடுப்பில் கதாநாயகி பொரித்தது மட்டும் அசல் இலிஷ் மீன்.

பேய் மீன் தின்னும் காட்சி மூன்றாவது தடவையும் சரியாக வரவில்லை. டைரக்டர் அவினாஷ் பாபு எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஜுரக்காரி கஞ்சி குடிக்கிற மாதிரி? நூறு வருஷமா மீனுக்கு ஏங்குற பேய் நீ! நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

பிரமோதினி என்னிடம் வந்தாள். "அண்ணே, தட்ட மாத்துங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா பசிக்குது. மாத்துங்க."

காமிரா ஓடியது. ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினாள். நாக்காலேயே முள்ளைப் பிரித்து வாயோரம் ஒதுக்கி, இரண்டு விரலால் உருவிப் போட்டுவிட்டு மேலே தின்றாள். பதினோரு வருஷத்தில் நாக்கு எதையும் மறக்கவில்லை. உடைக்காரன்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

"ஓகே!" என்று கத்தினார் அவினாஷ் பாபு.

"பாபு, சரியா வரலையோன்னு இருக்கு," என்றது பேய். "இன்னொரு தடவ எடுத்துரலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சினை வைத்த துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்தேன்.

துர்கா பூஜைக்குப் படம் வந்தது. மூன்றாம் நாள், குடையும் கையுமாக ஹரிபதோ ஸ்டுடியோ வாசலில் நின்றார்.

"அவ தின்னது என்ன?"

"வாழைக்காய்ங்க. நானே பொரிச்சேன்."

"வாழைக்காய்ல ஏதுய்யா முள்ளு?"

எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், அந்த முள்ளைத் தவிர.

"தென்னை ஈர்க்குங்க," என்றேன். "மெல்லிசா சீவி உள்ள சொருகினேன். அது இல்லன்னா சனம் நம்புமா?"

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பலே வேலைக்காரன்யா நீ!"

தோளில் தட்டிவிட்டுப் போனார். மூட்டை கட்டும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. முப்பது வருஷத்தில் என் வேலையை ஒருவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் செய்யாத முள்ளுக்கு.